பெட்ரோல் மூடிக்குப் பின்னால் நான் ஒட்டியது

எங்கள் ஓட்டுநர் சங்கத்தின் ஸ்டியரிங்கைப் பல ஆண்டுகளாகக் கை நடுங்காமல் பிடித்திருக்கும் தலைவர் அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக வீற்றிருக்கும், பள்ளத்தையும் பார்த்த, பாதையையும் பார்த்த மூத்த ஓட்டுநர்களே! கையில் கிரீஸும் கண்ணில் கூர்மையும் கொண்ட பணிமனைத் தோழர்களே! நாங்கள் வண்டியோடு கிளம்பினால் வந்து சேரும்வரை வாசலில் ஒரு காதை வைத்தபடியே வேலை செய்யும் தாய்மார்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், யாரையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் ஒருவரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். கடைசியாகச் சொன்ன அந்த ஒருவருக்கு மட்டும் வணக்கம் சொல்லும் யோக்கியதை எனக்கு இன்னும் வரவில்லை. பேசி முடிப்பதற்குள் வருகிறதா என்று பார்க்கிறேன்.

இன்று எனக்குப் பட்டம் தருகிறீர்கள். ‘எரிபொருள் சிக்கனச் செம்மல்’! மேசைமேல் கேடயம் பளபளக்கிறது. வேண்டாம், கைதட்ட வேண்டாம். பின்னாலிருந்து விசில் அடிப்பவரே, கொஞ்சம் பொறுங்கள், அந்த மூச்சு என்னைத் திட்டுவதற்குத் தேவைப்படும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கேடயத்தைப் பார்க்கும்போது எனக்குக் கூசுகிறது, உடம்பெல்லாம் கூசுகிறது.

பத்து ஆண்டுகளாக நான் இந்தச் சங்கத்தின் சிக்கனப் பிரசாரச் செயலாளர். ‘சொட்டு அண்ணன்’ என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்தீர்கள். எத்தனை கூட்டங்களில் முழங்கினேன்! மெல்ல மிதியுங்கள் என்றேன். முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் போகும் வண்டியையும் பாருங்கள் என்றேன். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தால் அங்கேயே காலை எடுங்கள், விரட்டிக்கொண்டு போய் பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள் என்றேன். வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கட்டும் என்றேன். சொன்னவன் யார்? நான். கேட்டவர்கள் யார்? நீங்கள். செய்தவர்கள் யார்? நீங்கள். செய்யாதவன் யார்? ஆமாம் அம்மா, முன்வரிசையில் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் சரியான பதில். அதையே நான் சிரிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரசாரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்தோம், நினைவிருக்கிறதா? உள்ளங்கை அகலம், பச்சை வட்டம். ‘ஒவ்வொரு சொட்டும் நம் சொத்து’ என்ற வாசகம் அடியேன் எழுதியது. பெட்ரோல் போடும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று, எங்கள் நிறுவனத்தின் வண்டிகள் அத்தனையிலும், பிறகு வந்தவற்றிலும், பெட்ரோல் வாய்க்கு மேல் இருக்கும் சின்னக் கதவின் உள்பக்கம் என் கையாலேயே ஒட்டினேன். அந்த ஸ்டிக்கரை மறந்துவிடாதீர்கள், அது திரும்ப வரும்.

நான் ஓட்டுவது தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். பழைய வேன்கள் நான்கு இருந்த இடத்தில் ஐந்தாவதாகப் புது வேன் ஒன்று வந்தது. காலையில் நான், மதியத்துக்கு மேல் என் தங்கையின் கணவர். என் மாப்பிள்ளை. வேலை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதை வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

ஒரே வண்டியை இருவர் ஓட்டினால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாவியை மேசையில் வைக்க மாட்டோம், ஆணியில் மாட்ட மாட்டோம். கையிலிருந்து கைக்கு. கொடுப்பவர் “வண்டி நல்லா இருக்கு” என்பார், வாங்குபவர் “சரி” என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அடுத்தவர் பிரேக்கை மிதிக்கிறார். அன்றாடம் மதியம் நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

புது வேன் பழையதைவிடக் குறைவாகத்தானே குடிக்க வேண்டும்? அது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் குடித்தது. மாலையில் வண்டியை நிறுத்துமுன் டேங்கை நிரப்பி வைப்பது மாப்பிள்ளையின் வேலை. முதல் மாதமே அவர் என்னிடம் கேட்டார்: “மச்சான், மேட்டுல ஏறும்போது டப்பாவுக்குள்ள கோலி உருள்ற மாதிரி ஒரு சத்தம் வருது. நாம போடுற பெட்ரோல் இதுக்குச் சரிதானா?” எல்லா வண்டிக்கும் விலை குறைந்த தொண்ணூற்றொன்று ஆக்டேன் பெட்ரோலே போடச் சொன்னவன் நான். என்னையே கேட்பதா? ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டி சத்தம் போடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அதற்கும் தலையாட்டினார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, புது வண்டி ஏன் இப்படிக் குடிக்கிறது என்று கேட்டார். நான் யார்? சிக்கனச் செயலாளர்! என் காலில் குற்றம் இருக்க முடியுமா? என் கட்டளையில் குற்றம் இருக்க முடியுமா? அப்படியென்றால் மிச்சம் இருப்பது யார்? நிரப்புகிறவர்தானே? என் மண்டையில் ஏறிய மமதை கணக்கே போடாமல் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒரு மதியம், ஷிஃப்ட் மாறும் நேரம், ஷெட்டில் நாற்பது ஓட்டுநர்கள். நீங்களும் இருந்தீர்கள், நீங்களும் இருந்தீர்கள், தலைவரே, நீங்களும் இருந்தீர்கள். மாப்பிள்ளையின் பையைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, இரண்டு முழம் ரப்பர் குழாய். டேங்குக்குள் விட்டுப் பெட்ரோல் உறிஞ்ச அந்த நீளம் போதும். அந்தக் குழாயை நாற்பது பேருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, “இது எதுக்கு மாப்பிள்ளை?” என்று கேட்டேன். “வண்டி கழுவுற குழாய் மச்சான்” என்றார். வாங்கக் கை நீட்டி நின்றவரைத் தாண்டிப் போய், சாவியைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன்.

திருடன் என்று நான் சொல்லவில்லை. சொல்லவே தேவைப்படவில்லை, அதுதான் கேவலம்! நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் டப்பாவையும் துண்டையும் பைக்குள் வைத்தார், குழாயை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. தண்ணீர் லாரி ஓட்டப் போய்விட்டார். என் தங்கை அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால், அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். வேறொரு ஓட்டுநர் மதிய ஷிஃப்டுக்கு வந்தார். புது வண்டி குடிப்பது ஒரு சொட்டாவது குறைந்ததா? குறையவில்லை. எனக்குப் புரிந்ததா? புரிந்தது. வாயைத் திறந்தேனா? ஐந்து மாதம் திறக்கவில்லை! என்ன தலைவரே, மணி அடிக்கப் போகிறீர்களா? அடியுங்கள், ஆனால் இன்று நான் நிறுத்த மாட்டேன்.

எங்கள் பணிமனையில் ஒரு சகோதரி இருக்கிறார். வண்டியில் கருவியை மாட்டி அதன் உள்ளே நடப்பதைப் படித்துவிடுவார், அதனால் அவருக்கு ‘ஸ்கேனர் அக்கா’ என்று பெயர். மேலாளர் புது வேனை அவரிடம் அனுப்பினார். ஒரு வார ஓட்டத்தைப் பதிவு செய்து, காலைக்கு ஒரு தாள், மதியத்துக்கு ஒரு தாள் எடுத்து என் முன்னால் வைத்தார். காலை ஓட்டத்தில் ஒரு நாளைக்கு முப்பத்தேழு முறை அடித்துப் பிடித்து பிரேக். மதியத்தில் நான்கு. காலையில் வண்டி நகராமல் எஞ்சின் ஓடியது நாற்பது நிமிடம். மதியத்தில் ஆறு. “அண்ணே, காலையில யாரு ஓட்டுறது?” என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

அந்த நாற்பது நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தொழிற்சாலை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு, எரிபொருள் சிக்கனம் பற்றிய மேடைப்பேச்சுகளை எழுதிக்கொண்டிருந்தேன்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நீங்கள் கைதட்டிய ஒவ்வொரு வரியும் புகை விட்டுக்கொண்டே எழுதப்பட்ட வரி. எழுதி முடித்துத் தாமதமாகக் கிளம்புவேன். தாமதத்தை ஈடுகட்ட விரட்டுவேன், விரட்டியதை ஈடுகட்ட பிரேக்கில் ஏறுவேன். ஒவ்வொரு பிரேக்கும், எரித்து வாங்கிய வேகத்தைத் தெருவில் கொட்டுவது என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவனும் நானேதான்.

அப்போதும் நான் சும்மா இருந்தேனா? என் காலை ஓட்டம் ஒன்றால் மட்டும் இவ்வளவு கூடுதலாகக் குடிக்குமா, வேறு காரணம் இருக்கும் என்று வாதாடினேன். அக்கா பெட்ரோல் வாயின் சின்னக் கதவைத் திறந்தார். பச்சை வட்டம் பளிச்சென்று இருந்தது. ‘ஒவ்வொரு சொட்டும் நம் சொத்து’. நகத்தால் ஓரத்தைக் கிள்ளி உரித்தார். அதற்கு அடியில் வண்டி செய்தவர்கள் ஒட்டிய வெள்ளைத் தாள். ‘ஆக்டேன் குறைந்தது தொண்ணூற்றைந்து.’

மறைத்தது யார்? நான். ஒட்டும்போது அங்கே ஏதோ எழுதியிருந்தது எனக்குத் தெரியும். படிக்கவில்லை. இடம் சமமாக இருந்தது, ஒட்டிவிட்டேன்.

அக்கா சொன்னதை அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். “ஆக்டேன்னா பெட்ரோலோட பலம் இல்லண்ணே, பொறுமை. எவ்வளவு அழுத்தினாலும் தானா வெடிக்காம, தீப்பொறி வர்ற வரைக்கும் காத்திருக்கிற பொறுமை. இந்த எஞ்சின் ரொம்ப அழுத்துற எஞ்சின். பொறுமை இல்லாத பெட்ரோலைப் போட்டா முன்னாடியே வெடிக்கும். அதுதான் அந்தக் கோலிச் சத்தம்.” அந்தச் சத்தம் கேட்டதும் வண்டியின் கணினி எஞ்சினைக் காப்பாற்றத் தீப்பொறியைத் தாமதப்படுத்துமாம். இழுவை குறையும். இழுவை குறைந்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் அழுத்தி மிதிப்போம். மிதித்தால் இன்னும் குடிக்கும். பழைய வேன்கள் மென்மையாக அழுத்துபவை, அவற்றுக்குத் தொண்ணூற்றொன்றே போதும். அவற்றில் விலை கூடியதை ஊற்றினால் வண்டிக்கு ஒரு லாபமும் கிடையாது, ஊற்றுகிறவருக்குப் பெருமை மட்டும்தான். எந்த வண்டிக்கு எது என்று அந்த வெள்ளைத் தாள் சொல்லும். படித்தால் சொல்லும்!

மாப்பிள்ளைக்கு அது முதல் மாதமே காதில் கேட்டது. எனக்கு அவர் சொல்லியும் கேட்கவில்லை. பொறுமை இல்லாதது பெட்ரோலுக்கு மட்டுமா?

போன வாரம் பட்டத்துக்கான அழைப்பு வந்தது. இதற்கு மேல் தாங்காது என்று தங்கை வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளையிடம் இங்கேயே, இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “அண்ணே, குழாயைத் தூக்கிக் காட்டினது நாப்பது பேரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் என் சமையல்கட்டுலயா?”

அவள் கேட்டதில் என்ன தப்பு? அவமானப்படுத்துவது அரங்கத்தில், வருந்துவது அடுப்படியில் என்றால் அது வருத்தமா, வசதியா? அதனால்தான் இந்த மேடைக்கு வந்தேன். அந்த நாற்பது பேரும் இங்கே இருக்கிறீர்கள். அதற்கு இருமடங்கு பேர் வந்திருக்கிறீர்கள். நல்லது. கேட்டுக்கொள்ளுங்கள்: என் மாப்பிள்ளை ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூடத் தொட்டவர் அல்ல. அந்தக் குழாய் வண்டி கழுவுகிற குழாய். வண்டி குடித்தது என் காலாலும் என் கட்டளையாலும், அதை மறைத்தது என் ஸ்டிக்கர். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தெரிந்தே மறைத்தது என் வாய்.

தலைவர் அவர்களே, கேடயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை வட்டத்தை எல்லா வண்டியிலும் நானே உரித்து வருகிறேன், எனக்கு அந்த ஒரு வேலையை மட்டும் விட்டு வையுங்கள். மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மதிய ஷிஃப்ட் மாப்பிள்ளைக்கே என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருக்கிறார். இதோ, சட்டைப் பையில் இருக்கிறது.

மாப்பிள்ளை, எழுந்திரிக்க வேண்டாம். யாரும் அவரை எழுப்பாதீர்கள், தோளைத் தட்டாதீர்கள். வாங்குவதும் வாங்காததும் அவர் இஷ்டம், வாங்கவில்லை என்றால் அவரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அன்றைக்கு நான்கு எட்டு நடந்து அந்தக் கையில் சாவியை வைக்காதவன் நான். இன்றைக்கு இந்த அரங்கத்தின் நீளம் முழுவதும் நான்தான் நடக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் என்னை இறக்கிவிடாமல் கேட்ட தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட வணக்கத்தை இப்போது சொல்கிறேன். மாப்பிள்ளை, வணக்கம். வண்டி நல்லா இருக்கு. ஓட்டினவன்தான் சரியில்லை.