நீண்டுபோன நன்றியுரை

காணும் பொங்கலன்று சமையல்காரர் கிடைப்பது கஷ்டம். நான் நவம்பரிலேயே சொல்லி வைத்துவிடுவேன். எங்கள் தாம்பரம் வட்டார வரலாற்று மன்றத்தின் விருந்து அன்றைக்குத்தான். ஊரே உறவுக்காரர்களைப் பார்க்கக் கிளம்பும் நாளில், பார்க்க யாரும் இல்லாதவர்கள் எங்கள் ஹாலுக்கு வருவார்கள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

ஹர்ஷா, நேற்று நீ போனில் கேட்டதற்கு இது பதில். "அங்கிள், ஏழு மணிக்கே இன்சுலின் போட்டுண்டேன்னு அப்பா மெசேஜ் அனுப்பியிருக்கார். டின்னர் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சேள்?" என்றாய். ஒன்பதேகாலுக்கு. நீ மரியாதை தெரிந்த பிள்ளை, ஏன் என்று கேட்க மாட்டாய். நானே எழுதிவிடுகிறேன்.

உன் அப்பா ஸ்ரீநிவாசராகவன் சார் தலைவர், நான் செயலாளர். பதினேழு வருஷம். அவர் பேசுவார், மைக், நாற்காலி, அழைப்பிதழ் எல்லாம் நான். உன் அம்மா போனபிறகு என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். மேடையில் சர்க்கரை இறங்குவது தெரிந்தால் அவர் பேச்சை நிறுத்த மாட்டார். மேஜைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டுவார். நான் வைத்துவிடுவேன். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்தேன், அங்கே ஒருவரும் என்னை நம்பிக் கை நீட்டியதில்லை. வீட்டிலும் யாரும் இல்லை. உனக்குத் தெரியும்.

விருந்தன்று காலை உங்கள் முடிச்சூர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்.

"துரைராஜ், மாசக் கடைசியில ஹர்ஷாகிட்ட நாவலூருக்கே போயிடறேன். மன்றத்தையும் இந்த டின்னரோட முடிச்சுக்கலாம். கடைசியில நானே அனௌன்ஸ் பண்ணிடறேன்."

நான் ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"நாவலூர் என்ன அமெரிக்காவா? நெனச்சா பஸ் ஏறி வந்துடலாம்" என்று சிரித்தார். யார் வருவது என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மன்றம் கூடும் வியாழக்கிழமை சாயங்காலங்களில் இனி நான் என்ன செய்வேன் என்று அவர் கேட்கவே இல்லை.

மாலை அவர் பேச்சு டூயல் பற்றி, மானத்துக்காக இருவர் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொள்ளும் சண்டை. கம்பெனி காலத்தில் பல்லாவரத்தில் இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள், விருந்தில் நாற்காலி மாறி உட்கார்ந்ததற்காகத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போன கதை. அழகாகச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள் உண்டாம். துப்பாக்கியைச் சோதிப்பது, அவர் கழற்றித் தரும் கோட்டைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. அதற்கு முன்னால் மூன்று முறை சமாதானம் பேசிப் பார்க்க வேண்டுமாம். மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஏழு மணிக்குப் பேச்சை முடித்துவிட்டுப் பக்கத்து அறைக்கு வந்தார். "இலை போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு சார். நீங்க ஊசி போட்டுக்குங்க" என்றேன். இலைக்கட்டை அப்போது இன்னும் பிரிக்கவில்லை.

அவர் போட்டுக்கொண்டதும், "ரெண்டே கேள்வி சார், ஜனங்க ஆசைப்படறாங்க" என்று மறுபடி மேடைக்குக் கூட்டி வந்தேன். கேள்வி என்றால் அவருக்கு உயிர். மற்றவர்கள் கேட்டது போக, நான் மூன்று கேட்டேன். துணையாள் இல்லாமல் யாராவது போனதுண்டா? இல்லை என்றார். துணையாளுக்கு என்ன கிடைக்கும்? "ஒண்ணும் கிடைக்காது. பேரைக்கூட எழுதி வைக்க மாட்டா" என்றார், சபை சிரித்தது. விட்டுவிட்டுப் போக நினைப்பவன் என்ன செய்ய வேண்டும்? "வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கணும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்கவில்லை. முறைப்படி மூன்று வாய்ப்பும் கொடுத்தேன் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

பிறகு பொன்னாடை. ஒன்றல்ல, ஆறு பேரை மேடைக்கு அழைத்தேன். நம் மன்றத்து உறுப்பினர் தசரதன் போர்த்திவிட்டு இறங்கும்போது என் காதில், "இன்னாபா செக்ரட்டரி, சோறு போடுவியா மாட்டியா? பசி தாங்கல" என்றார். நன்றியுரை மட்டும்தான் பாக்கி என்றேன். வழக்கமாக ஐந்து நிமிஷம். அன்று மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவர் பெயர் விடாமல் சொன்னேன்.

உன் அப்பாவுக்குச் சித்திரை வெயிலில் நின்றாலும் வேர்க்காது. அன்று ஜிப்பா நனைந்துவிட்டது. எழுந்து ஏதோ அறிவிக்கப் பார்த்தார், நாக்கு குழறியது. சபையில் எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் அதைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"சார் டயர்டா இருக்கார், நான் வீட்ல விட்டுடறேன், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லி டாக்ஸியில் ஏற்றினேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தார். வீட்டில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையை விடவில்லை. நாலு மணி சுமாருக்கு அது குளிர்ந்துவிட்டது. காலையில் வந்த டாக்டர் வயசான இதயம் என்று எழுதினார். நீ மாமனார் வீட்டிலிருந்து வந்து சேர்ந்து, "நீங்களாவது கூட இருந்தேளே அங்கிள்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். என்னை அப்படி யாரும் கட்டிக்கொண்டதில்லை. அதனால்தான் உனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

மன்றத்தை மூடுவதாக யாரும் அறிவிக்கவில்லை. வியாழக்கிழமை இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறேன், முடிந்தால் வா.

குளுக்கோஸ் பாக்கெட் அன்றும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. பதினேழு வருஷத்தில் நான் அதை ஒருநாளும் மறந்ததில்லை. நாவலூரில் இதையெல்லாம் அவருக்கு யார் ஞாபகமாக எடுத்து வைப்பார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது.