அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு வரி

எனக்கு எதையும் விளக்கிச் சொல்லப் பிடிக்கும், சார். மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று என் தங்கை மகள் ஒருமுறை தெரியாமல் கேட்டுவிட்டாள். நான் காந்தத்தைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். நீங்கள் எழுதிக்கொண்டே கேட்கிறீர்கள். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

மருத்துவமனையில் வலிமருந்து ஏற்றும் பம்புகளுக்கு ஒரு செயலி எழுதினேன். வார்டு மேசையில் தொடுதிரை டேப்லட் ஒன்று இருக்கும். நர்ஸ் அதில் ஒரு கட்டிலைத் தொட்டு, மணிக்கு எவ்வளவு மருந்து என்று தட்டினால், அந்தக் கட்டிலின் பம்பு அதைக் கேட்டு நடக்கும். எழுதியது ஆப்ஜெக்டிவ்-சி என்ற மொழியில். பழைய மொழி, ஆனால் அழகான மொழி.

அதில் முதலில் ‘கட்டில்’ என்று ஓர் அச்சு செய்வோம். அந்த அச்சிலிருந்து எத்தனை கட்டில் வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். மருந்தின் அளவை நினைவில் வைக்க ஒரு மாறி வேண்டும். அதற்கான வரியை நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஒவ்வொரு கட்டிலுக்கும் சொந்தமாக ஓர் அளவு இருக்கும். அதே வரியை அடைப்புக்குறிக்கு வெளியே, சற்றுக் கீழே எழுதினால், எல்லாக் கட்டில்களுக்கும் பொதுவாக ஒரே அளவு. கடைசியாக யாருக்குத் தட்டினார்களோ அதுதான் எல்லாருக்கும். வீட்டில் ஆளுக்கொரு பல் பிரஷ் இருப்பதற்கும், குடும்பத்துக்கே ஒரு பிரஷ் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். திரையில் மட்டும் அவரவர் எண் அவரவர் கட்டிலில் அப்படியே நிற்கும். அது வெறும் எழுத்து. பம்பு அதைப் படிப்பதில்லை.

நான் வெளியே எழுதிவிட்டேன். கைத்தவறுதான். வேறு மொழியிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் அது. செய்து காட்டிய அன்று ஒரே ஒரு கட்டிலை வைத்துக் காட்டினேன். ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டில் பொது பிரஷ்ஷால் ஒரு தொல்லையும் இல்லையே. எல்லாரும் கை தட்டினார்கள்.

எங்கள் குழுவில் ‘கண்ணாடி’ என்று நாங்கள் கூப்பிடும் பெண் ஒருத்தி இருந்தாள். அடுத்த கூட்டத்தில் என் வரியைப் பெரிய திரையில் போட்டாள்.

“அண்ணா, டோஸ் வெளியில அநாதையா கிடக்கே. பேஷன்ட் எல்லாம் ஒரே குடும்பமா?”

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

“வேணும்னுதான்மா வெச்சிருக்கேன். மெமரி மிச்சமாகும்.”

“ஒரே ஒரு நம்பருக்கா? உள்ள தள்ளுங்கண்ணா, அரை நிமிஷ வேலை.”

அவள் சொன்னது சரி என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. தனியாக வந்து சொல்லியிருந்தால் அன்றே திருத்தியிருப்பேன். சபையில் சொன்னதைத் திருத்தினால், அது திருத்தம் ஆகாது, தோல்வி ஆகிவிடும். குழுவோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறாள் என்று மேனேஜரிடம் சொல்லி, அவளை வேறு வேலைக்கு மாற்றினேன். செயலி வார்டுக்குப் போனது.

சில நாளில் நர்ஸ் போன் செய்தார். “சார், இந்தக் கட்டிலுக்குக் கூட்டினா அந்தக் கட்டில்ல பாட்டில் கடகடன்னு காலியாகுது.”

“பம்பை நல்லாத் துடைச்சுப் பாருங்க சிஸ்டர்,” என்றேன்.

பிறகு அப்பா படியில் விழுந்தார். இடுப்பில் அறுவை முடிந்து அதே வார்டில் படுக்க வைத்தார்கள். ஆஜானுபாகுவான மனிதர், ஆனால் வலி என்றால் குழந்தை. பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா, எலும்பும் தோலுமாக.

“பெரியவரே, உங்க குறட்டைக்கு என் தையல் மிஷினே தேவலை,” என்பார்.

“மிஷினுக்கு எண்ணெய் விடலாம். எனக்கு எங்க விடுறது?” என்பார் அப்பா.

ஒரு மதியம் நர்ஸ் தையல்காரம்மாவுக்கு மருந்தைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குக் கொஞ்சம்தான் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு அதில் பாதி வலிகூடக் கேட்காது. கொஞ்ச நேரத்தில் முனக ஆரம்பித்தார். காரணம் எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

மடிக்கணினி பையில்தான் இருந்தது. வரியை உள்ளே தள்ளியிருக்கலாம். ஆனால் திருத்தினால் ஏன் திருத்தினோம் என்று குழுவுக்கு எழுத வேண்டும். வேறு வேலைக்குப் போனாலும் கண்ணாடியும் அதைப் படிப்பாள். ஆகவே மேசைக்குப் போய், அப்பாவின் கட்டிலைத் தொட்டு, மருத்துவர் சொன்ன அதே எண்ணை மறுபடி தட்டினேன். அப்பாவின் முகம் தளர்ந்தது.

அன்றிலிருந்து நர்ஸ் யாருக்குத் தட்டினாலும் அடுத்து நான் எழுந்து போவேன். “அப்பாவோடத ஒருதரம் பாத்துக்கறேன் சிஸ்டர்.”

“பிள்ளைன்னா இப்படி இருக்கணும்,” என்று நர்ஸ் மற்றவர்களிடம் சொன்னாராம்.

தையல்காரம்மா ஒருநாள் நாக்குக் குழறச் சொன்னார். “கண்ணு சொருகுதுப்பா. உங்கப்பாவுக்கு ஏத்துறதையே எனக்கும் ஏத்துறாங்களா, என்ன?”

நான் சிரித்தேன். எங்கள் கோளாறை அவ்வளவு கச்சிதமாக அலுவலகத்தில்கூட யாரும் சொன்னதில்லை. அவருடைய உடம்புக்கு அந்த அளவு என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். செயலிக்காக அந்த அட்டவணையைப் படித்தவன் நான். மறுபடி போய் அப்பாவின் எண்ணைத் தட்டிவிட்டு வந்தேன். தையல்காரம்மா எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்து மூலைக் கட்டில்காரர். பிறகு ஜன்னலோரத்துப் பையன். அப்பா தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு திருத்தம் சார். மூன்று பேருக்கு மருந்தைக் கூட்டினேன் என்று போட்டிருக்கிறீர்கள். நான் தொட்டது அப்பாவின் கட்டிலை மட்டும்தான். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.