டம்மி காட்டிய பக்கம்

“அலோ... ஆங், சொல்லு வேம்பு... டோல்கேட்டாண்ட நிக்கிறேன். பஸ்ஸு இன்னும் வரல... ஆமா, ஆமா, கப்பு எங்கிட்டதான் கீது. பைக்குள்ள... இன்னாத்துக்கு போட்டோ?... ஸ்டேட்டஸ் வெக்கவா? அதெல்லாம் எடுக்கல. வுடு.”

ஜெயவேலுக்கு அந்தப் பையைத் தொடவே அருவருப்பாக இருந்தது. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அதை வைத்துவிட்டு, யாரோ விட்டுப்போன பொருள் மாதிரி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். ராயபுரத்துக் கிளப்பில் இன்று மதியம் பிரிட்ஜ் சீட்டு இறுதிப் போட்டி. அவனும் வேம்புவும் ஜோடி. ஜெயித்த ஜோடி விசாகப்பட்டினத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகும். ஒரு வாரமாக வேம்பு பெட்டி கட்டாத குறைதான். துறைமுகத்தில் ஜெயவேல் கிரேன் ஓட்டுகிறான். கீழே நின்று கையால் வழி காட்டும் சிக்னல்மேன் வேம்பு. பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

“சொல்லு, நீயே சொல்லு. இன்னா ஆட்டம் ஆட்னேன் நானு?... ம்... ம்... சூப்பரா ஆட்னேனா... சரி, ஒண்ணு கேக்கறேன். கடைசி ஆட்டத்துல டம்மி யாரு?... நீதான? சீட்ட விரிச்சு வெச்சிட்டு தண்ணி குடிக்க போன... போ, வேணான்னு சொல்லல. திரும்பி வர சொல்லோ மஜீது பாய் சேருக்கு பின்னால ஏன் வந்த?... வேற வழியே இல்லியா? அவ்ளோ பெரிய ஹால்ல?”

அந்தக் கடைசி ஆட்டம் இதுதான். நாலு இஸ்பேடு என்று ஏலம் எடுத்திருந்தான் ஜெயவேல். இஸ்பேடுதான் துருப்பு, பதிமூன்றில் பத்துப் பிடி பிடித்தாக வேண்டும். அவன் கையில் ஐந்து துருப்பு. டம்மியான வேம்பு சீட்டை விரித்து வைத்துவிட்டு ஆடாமல் இருப்பான், அதையும் ஜெயவேலே ஆடுவான்; அதில் நாலு. ஏஸ், ராஜா, ஜாக்கி எல்லாம் இவர்களிடம். ராணி மட்டும் எதிராளியிடம். வலது பக்கம் மஜீது பாய், இடது பக்கம் அவருடைய ஜோடி சௌமியா. இருவரில் யாரிடம் என்று தெரியாது. மற்ற சீட்டுகளில் மூன்று பிடி எப்படியும் போகும். ராணிக்கும் ஒன்று போனால் ஆட்டம் கோவிந்தா.

ஒன்பது துருப்பு இருந்தால் ராஜாவையும் ஏஸையும் அடுத்தடுத்து இறக்கு, ராணி பெரும்பாலும் தானாக விழும் என்பது ஆடுகிறவர்களின் கணக்கு. ஜெயவேலும் அந்த முடிவில்தான் இருந்தான். ராஜாவை இறக்கினான், ராணி விழவில்லை. டம்மியிலிருந்து சின்னத் துருப்பு ஒன்றை இறக்கச் சொன்னான். மஜீது பாயும் சின்னதையே போட்டார். ராணி அவரிடம் இருந்தால் இப்போது ஜாக்கியே போதும், சௌமியாவிடம் இருந்தால் ஜாக்கி அடிபடும். இனி ஏஸ்தான். அது அவன் விரலில் பாதி வெளியே வந்துவிட்டது.

“ஏஸு கைல கீது வேம்பு. போட போறேன். நிமுந்து பாக்கறேன், உன் கை மேஜ மேல. ஒரு விரலு நீட்டிகினு, பாய் பக்கமா... இன்னாது, கொசுவா? மத்யானம் ரெண்டு மணிக்கு ஏசி ரூம்ல கொசுவா?... இரு. நான் பேசிக்கிறேன், இரு. அந்த விரலு எனக்கு தெரியாதா? கப்பலு அடில இன்னா கீதுன்னு மேல குந்தினுகிற எனக்கு தெரியாது. உன் விரலு எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம் திருப்புவேன். ஏன்னு ஒரு நாள் கேட்டுகிறேனா?... சும்மாலாம் நீட்டல... சத்தியம் பண்ணாத. பண்ணாதன்றேன்ல. புள்ள பேர ஏன் இதுல இயுக்கற, கலீஜா கீது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை வேம்புவுக்கு எப்போதும் வராது. வேலைக்குத் தாமதமாக வந்தால்கூட மூன்றாவது கேள்வியில் உண்மையைச் சொல்லிவிடுவான். ஜெயவேல் காத்திருந்தான். ஏஸை உள்ளே தள்ளிவிட்டு ஜாக்கியைப் போட்டது அவனுக்கு நினைவிருக்கிறது. சௌமியாவிடம் துருப்பு தீர்ந்திருந்தது. ஒரு டைமனைக் கழித்தாள். அடுத்த சுற்றில் ஏஸ் இறங்க, மஜீது பாயின் ராணி வந்து விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஜெயவேலுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

“...ஆங். வந்துச்சா வாய்ல? பாத்தேன்னு சொல்ல இவ்ளோ நேரமா?... ஒரே ஒரு வாட்டின்னா அது அசிங்கம் இல்லியா?... ஆமா... ஆமா... இன்னா சொன்ன? லாரி சத்தம், கேக்கல. திருப்பி சொல்லு...”

கன்டெய்னர் லாரி கடந்து போயிற்று. வேம்பு திருப்பிச் சொன்னது நன்றாகவே கேட்டது. ஜெயவேல் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“...ஆமா. சீட்ட போட்டது நான்தான். நீ காட்ன, நான் போட்டேன். அத்த இல்லன்னு சொல்லல. அதான் ஒமட்டுது எனக்கு. உன்ன நெனச்சா பாதி, என்ன நெனச்சா பாதி... இரு, இன்னும் கீது. நீ பிரியாணி வரிசைல நின்னுகினு இருந்த. அந்தப் பொண்ணு சௌமியா வந்து கேக்குது, ராணி பாயாண்டதான் கீதுன்னு எப்டி அங்கிள் கண்டுபுடிச்சீங்கன்னு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? சீட்டு போட சொல்லோ பாய் கை தயங்குச்சு, அத்த வெச்சு புடிச்சேன்னேன்... சிரிக்கிற. சிரி, சிரி.

“பாயி பக்கத்துலதான் நின்னாரு. கேட்டுட்டாரு. வாதம் வந்து எந்திரிச்ச மனுசன், அந்தக் கை லேசா நடுங்கும். கைய திருப்பி திருப்பி பாத்தாரு. அப்பால அந்தப் பொண்ணாண்ட சொல்றாரு, என் கையே காட்டி குடுத்துருச்சும்மா, உன்னயும் தோக்க வெச்சிட்டேன், இனிமே சீட்டு தொடமாட்டேன்னு... வேம்பு, அந்த மேஜைல ஒயுங்கா இருந்தது அந்த ஒரு கைதான்... இன்னா? வயசாயிடுச்சு, இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி நிறுத்த வேண்டிதானா? த்தூ. உனக்கு சோறு எப்டி எறங்குது?”

பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். ஜெயவேல் குரலை இறக்கினான்.

“நான் ஆலிஸ் மேடத்துக்கு போன் போட போறேன்... ஆமா, போட்டி நடத்துனவங்களாண்டதான சொல்லணும்? கப்ப திருப்பி குடுத்துட்டு, அப்டியே காசிமேட்டுல பாய் வூட்டுக்கு போறேன். உன் கை ஒண்ணும் பண்ணல பாயின்னு சொல்லணும்... வைசாக்கா? நீ வந்து பாக்கலன்னா அங்க கடலு வத்திடுமா?... டிக்கெட்டு போட்டுட்டன்னா கேன்சல் பண்ணு.”

நானும் வர்றேன் என்று வேம்பு ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேருமாகப் போய் இரண்டு பேருமாகத் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த வார்த்தைக்காக ஜெயவேலின் மனசு கெஞ்சியது.

“நீயும் வரியா?... ம்... சொல்லு, கேக்குது... ம்... உன் பேரு வராமயா?... நீ பின்னால வந்தத சொல்லாம, நானா எட்டி பாத்தேன்னு... ம்... புரோமோஷன் வர நேரம், உன் பேரு கெட்டுடும். சரி. எனக்கு கெடாதா?... ம்... இல்ல, சரின்னா ஒத்துகினேன்னு அர்த்தம் இல்ல. கேட்டுகினேன்.”

ஜெயவேல் எழுந்து பையைக் கையில் எடுத்தான். எதிர்ப்பக்கத்தில் ராயபுரம் போகும் பஸ் நின்றிருந்தது.

“வேம்பு, ஒண்ணு மட்டும் சொல்றேன். நாளைக்கி ஆறு மணி ஷிப்டு. எந்த கிரேனுக்கு வேணா கேட்டு வாங்கிகினு போ. என் கிரேனுக்கு கீய நிக்காத... கோவத்துல சொல்லல. கீய முப்பது ஆளு வேல செய்றாங்கோ... உன்ன நம்ப மாட்டேன்னு இல்லப்பா. நம்பாம இருக்க எனக்கு தெரியல. தப்புன்னு தெரிஞ்சாலும் நீ விரல நீட்னா என் கை கேட்டுருது. இன்னிக்கி பாத்துட்டேன்... வேணாம், பேசாத. வெக்கிறேன்.”