மூன்றாவது பதிலை எழுதியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, விற்பனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அக்காவின் மாமியார் அம்மா அவர்களே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இந்த உணவுக்கூடத்தில் கூடியிருக்கும் தோழர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இந்த வாரம் எனக்கு எதுவுமே வரவில்லை. அவரோடு ஒரே அறையில் அதிக காலம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

நம் முதன்மை வடிவமைப்பாளர், யார் எந்த யோசனை சொன்னாலும் 'சரி, அப்புறம்?' என்று கேட்டுக் கேட்டே 'அப்புறம் அக்கா' என்று பெயர் வாங்கியவர், இன்று நம்மிடையே இல்லை.

என்ன வேலை செய்தார் அவர்? மாமியார் அம்மா வெகுகாலம் உறவினர்களிடம், மருமகள் லைப்ரரியில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நாவல் கேட்டே வந்துவிட்டார். அக்கா அவரைத் திருத்தவில்லை; கடையில் ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் அவர் கட்டிய லைப்ரரி வேறு. நம்முடையது தகவல்களை அட்டவணையாகப் பிரிக்காமல் முழு ஆவணங்களாகவே சேர்த்துவைக்கும் தரவுத்தளம். மருத்துவமனையின் மென்பொருளோ பள்ளியின் மென்பொருளோ அதனோடு நேரே பேசுவது பெரும்பாடு. நடுவில் நின்று, கொடுப்பதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, கேட்பதை வாங்கி வந்து தரும் நிரல் தொகுப்புதான் நம் லைப்ரரி.

முதலில் அது வேகமாக இருந்தது. ஆவணத்தை அனுப்பிய கையோடு, போய்ச் சேர்ந்ததா என்று பாராமலே 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லிவிடும். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு மருத்துவமனையில், ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, இணைப்பு அறுந்த நேரத்தில் காணாமல் போனது. அதே மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூச்சுக்குத் தவித்த பிறகுதான் பிழைத்தார்.

கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது, நம் மீது தவறில்லை என்று நம் அலுவலகத்தில் பதில் தயாரானது. அக்கா மட்டும் பேருந்து ஏறி அந்த மருத்துவமனைக்குப் போனார். அங்கே மருந்தாளுநர் சத்தம் போடவில்லையாம். "சேமிச்சாச்சுன்னு திரையில வந்துச்சு. நான் நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாராம்.

திரும்பி வந்தவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். தரவுத்தளம் உறுதி சொல்லும்வரை லைப்ரரி காத்திருக்க வேண்டும். வேகம்தான் பெரிது என்னும் வாடிக்கையாளர், 'உறுதி வேண்டாம்' என்று தன் கையாலேயே நிரலில் எழுதியாக வேண்டும். எத்தனை பேருக்கு அப்படி எழுதக் கை வரும்? அதோடு நிற்கவில்லை அக்கா. 'சேமித்தாயிற்று', 'சேமிக்கவில்லை' என்ற இரண்டு பதில்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: 'தெரியவில்லை'. ஆவணம் கிளம்பிய பிறகு, பதில் வருமுன் இணைப்பு அறுந்துபோனால், உண்மையில் யாருக்குத் தெரியும்?

விற்பனைத் தலைவர் மன்னிக்க வேண்டும். அன்றைய கூட்டத்தில் நீங்கள் கோபப்பட்டீர்கள். தெரியாது என்று சொல்லும் சரக்கை எவன் வாங்குவான் என்று கேட்டீர்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"தெரியலைன்னு சொன்னா, யாராவது போய் இன்னொரு தடவை பாப்பாங்க. ஆச்சுன்னு பொய் சொன்னா யாரு பாப்பாங்க?"

பெரிய வாடிக்கையாளர்கள் விலகினார்கள். குழு பாதியானது. எங்களை ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அந்த இரைச்சலுக்குள்ளேயே வருடங்கள் போயின. வெற்றிக்கதை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் போனவர்கள் திரும்பி வரவில்லை. சின்னச் சின்ன மருத்துவமனைகள் வந்தன, அவ்வளவுதான். அக்கா களைத்துப்போனார். நாங்களும்தான்.

பிறகு அவருக்கே நோய் வந்தது. பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் சரியாகிவிடும் என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும், தெரியவில்லை, பார்ப்போம் என்றாராம். வெளியே வந்ததும் அக்கா கணவரிடம், "இவர்கிட்டயே பாத்துக்கலாங்க" என்றார். கடைசிவரை அவரிடமேதான் பார்த்துக்கொண்டார்.

தோழர்களே, லைப்ரரியின் அடுத்த பதிப்பில், உறுதிக்குக் காத்திராத பழைய வேகத்துக்கே திரும்புவது பற்றி நாளை ஒரு கூட்டம் இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா? வேறெங்கே பேசுவது? அவர் இருந்த இடத்தில் இப்போது ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் கையெழுத்தும் போட மாட்டேன்.

முடிந்தவர்கள் நாளை காலையில் அந்தக் கூட்டம் நடக்கும் அறைக்கு வாருங்கள். பேச வேண்டாம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

அக்காவுக்கு நம் வணக்கம்.