மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு

டிசம்பர் மாதம். மாலை ஐந்தரை மணிதான், ஆனால் சோஃபியா நகரத்தில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. லோசெனெட்ஸ் பகுதியில் டிராம் கிறீச்சிட்டுத் திரும்பும் முனையிலிருந்து மேடேறிப் போகும் ஒரு சின்னத் தெரு... இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள். நனைந்த சருகு வாசனை, எங்கோ கரி எரியும் வாசனை. ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தத் தெருவில் ஒருத்தி தனியாக ஏறிக்கொண்டிருந்தாள்.

இது எனக்கு நடந்ததல்ல. போன வருஷம் இதே அடுப்பு முன்னால் உட்கார்ந்து ராக்கியா சாராயத்தை ஒற்றை ஆளாகக் காலி செய்தானே பிளாமென், அவனுடைய சித்தி மகள் நெவேனாவுக்கு நடந்தது. அவனிடம் சொல்லும்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டுதான் சொன்னாளாம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

நெவேனாவுக்கு நாற்பத்தாறு வயது. பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை. அந்த மேட்டில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. போருக்கு முன்னால் கட்டிய கட்டிடம், லிஃப்ட் கிடையாது, மூன்றாம் மாடி, ஒரு படுக்கையறை. அப்பாவின் அக்கா ராத்கா எழுதிக் கொடுத்தது. சும்மா இல்லை. "சாகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நோட்டரி முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கியது. நம் ஊரில் பாதிக் கிழங்கள் இப்படித்தான் வீட்டைக் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

ராத்கா அத்தை அந்த ஏப்ரலில் இறந்துபோனாள். சமையலறையில் விழுந்து, இடுப்பு முறிந்து... ஒன்பதாம் நாள் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். நெவேனா அந்த வாரம் வெளியூரில், பிளோவ்திவில் இருந்ததாக எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டுக்குள் ஆட்கள் வேலை செய்தார்கள். ஓக் தரையை இழைத்தார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், சமையலறைத் தரையை முழுக்கப் பெயர்த்துப் புது ஓடு பதித்தார்கள். அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களை மட்டும் கழற்றவில்லை. அது இருந்தால்தான் பழைய வீட்டுக்கு விலை என்று தரகன் காலின் சொல்லிவிட்டான். நெவேனாவுக்குப் பணம் கசக்கவில்லைதான். ஆனால் அதைவிட அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் படியில் இனி ஒரு தடவைகூட ஏறக்கூடாது.

அன்றைக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. தெருக்கதவை நெருங்கியபோது கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

யாராவது செத்தால் தெருக்கதவில் அஞ்சலித் தாள் ஒட்டாத வீடு நம் ஊரில் உண்டா? படம், பெயர், கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், ஆறு மாதம், வருஷம் என்று மறுபடி மறுபடி ஒட்டுவோம். நெவேனா ஒன்றுகூட ஒட்டவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு மேலே ஏறுவார்களா என்று காலின் கேட்டிருந்தான். அவளும் சரியென்று விட்டுவிட்டாள்.

தாளில் ராத்கா அத்தை. நெவேனா பார்த்திராத படம், வாய் லேசாகத் திறந்திருந்தது. பெயருக்குக் கீழே ஒரே வரி.

நான்காம் நாள்.

நெவேனா கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். பசை இன்னும் ஈரமாக, சில்லென்று இருந்தது. பின்னால் செருப்புச் சத்தம். முதல் மாடி கின்கா, குப்பைப் பையோடு நின்றாள்.

"ஏண்டி கிழிக்கிற? இப்பதான் பாத்துட்டுப் போனேன். பரவாயில்ல, எட்டு மாசம் கழிச்சாவது பொண்ணுக்குப் புத்தி வந்துதேன்னு நெனச்சேன்."

"நான் ஒட்டல, கின்காம்மா. நீங்கதானே ஒட்டினீங்க?"

"நானா? எனக்கு எதுக்குடி அந்த வேலை? நாப்பதாம் நாளுக்குக் கோதுமை அவிச்சு, சக்கரை போட்டு, வீடு வீடாக் குடுத்தேனே, அது போதாதா? ராத்காவோட மருமக எங்கன்னு அத்தனை பேரும் கேட்டாங்க. வேலையா இருப்பான்னு உனக்காகப் பொய் சொன்னேன்." அவள் கிழிந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இதென்ன கூத்து? நாலாம் நாள்னு யார் போடுவா? மூணு, ஒம்போது, நாப்பது... நாலுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதே. எந்த மடையன் அச்சடிச்சான்?"

நெவேனாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. நான்கு என்றால் என்னவென்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மேலே காலின் எல்லா விளக்கையும் போட்டு, வாசனைக்காகக் காப்பி கொதிக்க வைத்திருந்தான். வாங்க வந்தவர்கள் புதுசாகக் கல்யாணமான ஜோடி, அஸென், யானா. யானா வந்ததும் வராததுமாகக் காலணியைக் கழற்றிவிட்டு ஓக் தரையில் நடந்து பார்த்தாள்.

"முப்பத்தெட்டுல கட்டினது," என்றான் காலின். "சுவர் இவ்ளோ கனம். பக்கத்து வீட்டுப் புருஷன் பொண்டாட்டி சண்டை ஒண்ணும் கேக்காது. உங்க சண்டையும் அவங்களுக்குக் கேக்காது."

யானா சிரித்தாள். அப்போதுதான்...

டொக்.

சமையலறைப் பக்கம். இரும்பின் மேல் கரண்டியால் தட்டுகிற மாதிரி. எல்லோரும் அங்கே திரும்பினார்கள்.

டொக்... டொக்.

"காத்து அடைச்சிருக்கு," என்றான் காலின் சட்டென்று. "பழைய ரேடியேட்டர் பழைய மாமனார் மாதிரி. அப்பப்ப செருமிக்கிட்டே இருக்கும்."

அஸென் போய் ரேடியேட்டரின் மேல் கை வைத்தான். "இன்னும் சூடே ஏறலையே," என்றான்.

நெவேனா சுவரோடு ஒட்டி நின்றாள். அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். இதே இடைவெளி, இதே சோர்வு.

அவள் பிளோவ்திவுக்குப் போகவேயில்லை. மூன்று வாரம் எட்டிப் பார்க்காத குற்ற உணர்ச்சியில், அத்தை விழுந்த நான்காம் நாள் மாலை, ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு இதே மாடிக்கு ஏறி வந்தாள். மணியடித்தாள். திறக்கவில்லை. கதவில் காதை வைத்தாள். உள்ளே டொக்... டொக்... கிழவி கோபத்தில் இருக்கிறாள், வேண்டுமென்றே கதவைத் திறக்காமல் பாத்திரத்தை உருட்டுகிறாள் என்று நினைத்தாள். கைப்பையில் சாவி இருந்தது. ஏழு மணிக்கு முடி வெட்டிக்கொள்ள நேரம் வாங்கியிருந்தாள். உள்ளே போனால் ஒரு மணி நேரம் புலம்பல் கேட்க வேண்டும். சத்தம்தான் வருகிறதே, நன்றாகத்தான் இருக்கிறாள்... அப்படி மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆரஞ்சுப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இறங்கும்போது அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் அவளால் இன்றைக்கு வரை மன்னிக்க முடியவில்லை. விழுந்த பிறகு ஐந்து நாளாவது உயிரோடு இருந்திருப்பாள் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

"முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?" என்று யானா அவளைப் பார்த்துக் கேட்டாள். "ஏதாவது... ஆச்சா இங்க?"

டொக்... டொக்... சத்தம் அவளுடைய பதிலுக்காகக் காத்திருப்பது போல மெதுவானது. காலின் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

"என் அத்தை," என்றாள் நெவேனா. "ஆஸ்பத்திரியிலதான் போனாங்க. கஷ்டப்படல. நான் பக்கத்துலயே இருந்தேன். கையப் பிடிச்சுக்கிட்டு."

சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று பிளாமெனிடம் சொன்னாளாம்.

ஜனவரியில் பத்திரம் முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு நோட்டரி அலுவலகத்துப் படியில் நின்று நெவேனா அழுதாள். காலின் அதைச் சந்தோஷம் என்று நினைத்து ஒரு சாக்லேட் பெட்டி வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் லோசெனெட்ஸ் பக்கமே போவதில்லை. வேலைக்குப் போகும்போதுகூட அந்த டிராமில் ஏறாமல் சுற்றிக்கொண்டு போனாள். நிம்மதியாகத் தூங்கவும் ஆரம்பித்திருந்தாள்.

மார்ச் முதல் வாரம். மாலை ஆறரை இருக்கும். நெவேனா தன் வீட்டில் மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யானா.

"அக்கா, நல்லாருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும்... தப்பா எடுத்துக்காதீங்க." குரல் ரொம்பத் தாழ்வாக இருந்தது. "உங்களுக்கு இந்த வீட்ட விட்டுட்டோமேன்னு மனசு கேக்கலையா? எங்களுக்குப் புரியுது. சொல்லுங்க, நாங்களே உள்ள கூப்பிட்டுக் காப்பி குடுக்கறோம். ஆனா தினமும் இப்படி வந்து நிக்கறது... அஸென் பயப்படறாரு."

"நான் வரலையேம்மா. சாவி குடுத்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கம்கூட வரல."

"கதவு ஓட்டை வழியாப் பாத்தேனே அக்கா. வீடு காட்டறப்போ போட்டிருந்தீங்களே, அதே சாம்பல் கலர் கோட்டு. கையில ஒரு பை. மணி அடிக்கறீங்க, அப்புறம் கதவுல காதை வெச்சுக்கறீங்க."

நெவேனா அடுப்பை அணைத்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"யானா... கதவத் திற. அவ யாரா இருந்தாலும் திறந்து உள்ள கூப்பிடு. போகவிடாத. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், போகவிடாத."

"திறந்தா யாரும் இருக்க மாட்டேங்கறாங்க அக்கா. மூடினா மறுபடியும் நிக்கறீங்க. நேத்து அஸென் யோசிச்சாரு... உள்ளேருந்து தட்டிப் பாப்போமேன்னு. ரெண்டு தட்டு தட்டினாரு."

"தட்டினா?"

"காதை எடுத்தீங்க. சிரிச்சீங்க. அப்பாடாங்கற மாதிரி. உடனே இறங்கிப் போயிட்டீங்க."

போனில் யானாவின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், அழைப்பு மணி அடித்தது.

"அக்கா," என்றாள் யானா, இன்னும் தாழ்ந்த குரலில். "இப்பவும் நீங்கதான் நிக்கறீங்க... ஆனா உங்க கையில போன் இல்லையே."