நாப்பது போனுக்கு ஒரு விரல்

இல்ல தம்பி, அத மட்டும் எழுதாதீங்க. மன அழுத்தத்துல அடிச்சிட்டேன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா கம்பெனி புகார வாபஸ் வாங்கிக்கும், ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில படுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்ங்கிறீங்க. நல்ல மனசுதான் உங்களுக்கு. ஆனா எனக்குக் கோர்ட்டு வேணும்.

சொல்றேன், எழுதிக்குங்க. பேரு பெர்னார்ட். வயசு அம்பத்தெட்டு. கரங்கான்ல வீடு, கூலிம்ல ஃபேக்டரி. மெயிண்டனன்ஸ் வேலை, சங்கத்துச் செயலாளர். இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு எச்.ஆர். ஆபீசுக்குள்ள போயி, பெரிய ஸ்பானரால மொதல்ல சொவத்துல இருந்த டிவிய அடிச்சேன். அப்புறம் மேசையில இருந்த கம்ப்யூட்டர. அப்புறம் கெல்வின. ஆமா, எச்.ஆர். ஆபீசர் கெல்வின். தோள்ல ஒண்ணு, முழங்கையில ஒண்ணு. எலும்பு ஒடைஞ்ச சத்தம் நல்லாவே கேட்டுச்சு. மூணாவது தலைக்கு ஓங்கினேன். அங்க கிளார்க்கு சந்திரிகா, என் இடுப்பப் புடிச்சுத் தொங்கிட்டா. இல்லன்னா நீங்க இந்நேரம் கொலைக்கேசு எழுதிக்கிட்டிருப்பீங்க.

மொத தடவையான்னா கேக்குறீங்க? ரப்பர் எஸ்டேட்ல இருக்கும்போது கணக்கெழுதுற கிராணி ஒருத்தன், பால் வெட்டுற பொம்பளை மேல கைய வச்சான். அவன் பல்லு ரெண்டு என் கை முட்டியில பதிஞ்சிச்சு, பாருங்க, இன்னும் வடு இருக்கு. மூணு மாசம் உள்ள இருந்தேன். வெளிய வரும்போது மாலை போட்டாங்க. அன்னிக்கு மனநல டாக்டர்கிட்ட போன்னு எவனும் சொல்லல.

கெல்வின் என்ன சொன்னான், எதுக்கு அடிச்சேன்னு கேக்குறீங்க. வர்றேன், இருங்க. மொதல்ல அந்த டிவி. அதுல எங்க மனசு ஓடும் தம்பி. சிரிக்காதீங்க. போன்ல ஒரு ஆப் குடுத்திருக்காங்க. தெனம் வேலைக்கு ஏறுறதுக்கு முன்ன அமுக்கணும். பச்சைன்னா சிரிக்கிற மூஞ்சி, மஞ்சள்னா சும்மா, செவப்புன்னா அழுவுற மூஞ்சி. செவப்பு அமுக்கினா அன்னிக்கு உங்கள மெஷின்ல ஏத்த மாட்டாங்க, கவுன்சலர் கூப்பிட்டு ஆறுதல் சொல்லும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு தடவ செவப்பு அமுக்கின அம்மாசி அண்ணனுக்கு என்னாச்சு? காண்ட்ராக்ட் முடிஞ்சதும் போய்ட்டு வாங்கன்னுட்டான். காரணம் சொன்னானா? சொல்லல. அடுத்து நவமணி. அதே கதை.

அதுக்கப்புறந்தான் நான் கூட்டம் போட்டேன். தொழிலாளி ஒடம்பைப் புழிஞ்சது பத்தாதுன்னு மனசையும் நோட்டம் பாக்குறான், உளவு சொல்லாதீங்கன்னேன். எல்லாரும் பச்சை. எவனாவது மறந்துடுவான்னு, அந்த வேலையையும் நானே எடுத்துக்கிட்டேன். கரங்கான்லருந்து கம்பெனி பஸ் கெளம்புனதும் பின் சீட்டுலருந்து போன் எல்லாம் கை மாறி கை மாறி முன்னால வரும். நான் டிரைவருக்குப் பின்னால. நாப்பது போனு. டக்கு டக்குன்னு பச்சை. கேரன்னு ஒரு வாயாடிப் பொண்ணு, எனக்குப் பல்லு வலிக்குது அண்ணே, நீங்களே சிரிச்சிடுங்கன்னு கத்தும். பஸ்ஸே சிரிக்கும். ஃபேக்டரி கேட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். எட்டு மாசம் தம்பி! எட்டு மாசமா அந்தக் கம்ப்யூட்டருக்கு என் ஒரு விரலத் தவிர ஒண்ணும் தெரியாது. தொண்ணூத்தெட்டு பர்சென்ட் சந்தோசம்னு டிவியில போட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவானுங்க. நான் பாத்துக்கிட்டே சாப்பிடப் போவேன்.

ஆமா, நளினி விசயம் உங்க ஸ்டேசனுக்கும் வந்திருக்கும்ல. திங்கக்கெழம. இருபத்தாறு வயசுப் பொண்ணு, பிரஸ் மெஷின். தகரத்த வெட்டி அச்சடிக்கிற மெஷின். தலைக்கு மேல ஒரு ஸ்கிரீன், அதுல அவ பேரும் எத்தன அடிச்சான்னு கணக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுக்குப் போனாலும் விடறதில்ல. அவ தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துக்கு சூப்பர்வைசர் மெசேஜ், நேத்து ஏன் நூத்தம்பது கொறையுதுன்னு. எட்டு மணி நேரம் அவனுது, மிச்சம் ஒன்னோடது, போன அமத்திப் போடுமான்னேன். நான் படிச்ச துண்டறிக்கையில அப்படித்தான் போட்டிருந்துச்சு. பாவம், அமத்திச்சு. மறுநாள் லைனுக்கு முன்னால நிக்க வச்சுக் கிழிச்சான். அதுலருந்து பஸ்ல சும்மா உக்காந்திருந்தாலும் அதோட கை முன்னும் பின்னும் போய்க்கிட்டே இருக்கும்.

அந்த பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் எறங்கும், கைய உள்ள விடாம இருக்கத்தான். வேகம் வேணும்னு ஒண்ண டேப் போட்டு ஒட்டிடுவாங்க. சூப்பர்வைசர் பாத்தும் பாக்காத மாதிரி போவான். திங்கக்கெழம காலையில எடது கைய உள்ள வச்சு, வலது கையால அமுக்கிருச்சு.

தவறிப் போயா? நானும் அப்படித்தான் நெனச்சேன். நாந்தான் ஓடிப்போயி மெஷின மேல தூக்கினேன். வெரலு எது தகரம் எதுன்னு தெரியல. என் சட்டையக் கிழிச்சு மணிக்கட்டுல கட்டினேன், ரத்தம் என் மூஞ்சியில அடிக்குது. அந்தப் பொண்ணு கத்தல. வார்டுல கண்ணு முழிச்சு மொதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? இனிமே என்கிட்ட கணக்கு கேக்க மாட்டாங்கல்ல அண்ணேன்னு.

அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் இன்னிக்குப் போனேன். ஸ்பானரு என் பெல்ட்டுல எப்பவும் இருக்கிறது, அதுக்குன்னு எடுத்துட்டுப் போகல. ஒங்க வேகந்தான் அந்தக் கைய வாங்குச்சுன்னு எழுதிக் குடுடான்னேன். கெல்வின் கத்தல. அவன் அப்பாவும் நானும் ஒரே எஸ்டேட்ல ஒரே மரத்தடியில பால் வெட்டுனவங்க. உக்காருங்க அங்கிள்னு சொல்லி கம்ப்யூட்டரத் திருப்பினான். எட்டு மாசத்துக்கும் பச்சை. ஆறு செகண்டுக்கு ஒருத்தரா நாப்பது பேரு வரிசையா சிரிச்சிருக்காங்க அங்கிள், நேத்துதான் கவனிச்சேன்னான். திங்கக்கெழம நளினியும் சிரிச்சிருக்கு. செவப்பு அமுக்கியிருந்தா அன்னிக்கு அது மெஷின்ல ஏறியிருக்காதே, இத அமுக்கினது நளினிதானான்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் டிவிய அடிச்சேன்.

இன்னும் இருக்கு, பேனாவ வைக்காதீங்க. திங்கக்கெழம பஸ்ல அந்தப் பொண்ணு போனக் குடுக்கல. மடியில பொத்தி வச்சிருந்துச்சு. இன்னிக்கு மட்டும் செவப்பு போட்டுக்கிறேன் அண்ணே, மெஷின்கிட்ட போனா கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது, பயமா இருக்குன்னுச்சு. நான் எந்திரிச்சு நின்னு, நீ ஒருத்தி ஒடைஞ்சா நாப்பது பேரும் ஒடைஞ்ச மாதிரின்னு பேசினேன். நல்லா பேசினேன். கை தட்டுனாங்க. அப்புறம் அதோட வெரல ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சு போன வாங்கி, பச்சைய அமுக்கித் திருப்பிக் குடுத்தேன்.

எனக்கு மனசுல ஒரு கொறையும் இல்ல தம்பி, அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. புத்தி தெளிவாத்தான் செஞ்சேன். அப்படி எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்.