மூன்றாவது ஓட்டம்

குளிர்காலத்தில் எங்களுக்கு வேலை குறைவு. பிஷ்கேக் நகரத்தில் கல்யாணங்கள் வெயில் வந்த பிறகுதான். அதுவரை சதுக்கத்தின் ஓரம் காரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, சம்சா தின்றபடி கேமராவைப் பற்றிச் சண்டை போடுவோம். கல்யாணப் படம் எடுப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கம்பெனிக் கேமராக்கள்; தோளில் தொங்கும் கேமராப் பட்டையின் நிறத்தை வைத்துச் சிவப்பு, மஞ்சள் என்போம். நான் சிவப்பு. எர்மெக் மஞ்சள். அவன் நல்லவன். அவன் மேல் பழி எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சளில் முகத்தின் நிறம் அழகாக வரும் என்பது அவன் வாதம். சிவப்பில் ஃபோகஸ் விடாது என்பது என் வாதம். ஃபோகஸ் பிடித்ததைத் திரையில் காட்டும் பச்சைக் கட்டம், ஓடிவரும் ஆளின் கண்ணில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது.

"உங்கதுல எல்லாருக்கும் மஞ்சக்காமாலடா," என்பேன்.

"உங்கதுல மாப்பிள்ளை பீட்ரூட் மாதிரி. ஆனா ஷார்ப்பான பீட்ரூட்," என்பான்.

போன பிப்ரவரியில், சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவானது. ஆலா-ஆர்ச்சா பள்ளத்தாக்கில், பனியில், இரண்டு கேமராக்களும் அருகருகே நிற்கும். ஒருவர் நேராக எங்களை நோக்கி ஓடிவர வேண்டும். எங்களில் மூத்தவரான குபாத் அண்ணன் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தோற்றவன் அந்த வருடம் முழுக்க மற்றவனின் பட்டையை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை.

ஓடுவதாகச் சொன்னவரும் குபாத் அண்ணன்தான். பனியைப் பார்த்ததும் அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. என் மனைவி சைகல், தேநீரும் பொரித்த ரொட்டியும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்திருந்தாள்.

"அண்ணி ஓடட்டுமே," என்றான் எர்மெக். "ஆனா இவன் கேமராவுக்கு அண்ணி முகம் பழக்கம். கள்ளாட்டம் ஆயிடும்."

"கேமராவுக்காவது பழக்கமா இருக்கே," என்றாள் சைகல். "இவருக்கு இன்னும் பழகல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, ஓடக் கூடாது, மாடிப்படிகூட நின்று நின்றுதான் ஏற வேண்டும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் நோயோடு வந்தாள் என்று எங்கள் வீட்டில் தெரிந்தால் தலைகுனிவது அவளுடைய அம்மா. அதனால் சைகல் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அன்று அவள் மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். நான் மாட்டாள் என்றால் காரணம் வேண்டாம். என் மனைவி எதற்கு ஓட வேண்டும் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

"மெதுவா ஓடு," என்றேன்.

மெதுவாகத்தான் வந்தாள். இரண்டு கேமராக்களிலும் எல்லாப் படமும் தெளிவு.

"இந்த வேகத்துக்கு என் போனே போதும்டா," என்றான் எர்மெக்.

இரண்டாவது முறை நன்றாக ஓடினாள். வந்து முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன். தேநீர் ஆறிவிடும் என்றாள்.

குபாத் அண்ணன் பின்பக்கத் திரைகளை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்டா. கட்டிப்பிடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

எர்மெக் லென்சைக் கழற்றத் தொடங்கிவிட்டான். நான்தான் நிறுத்தினேன். வெயில் அவளுக்குப் பின்னால் இருக்கும்படி இன்னொரு முறை ஓடட்டும் என்றேன். எதிர்வெயிலில் மஞ்சள் தடுமாறும். அது எனக்குத் தெரியும்.

"விடுடா. அண்ணிக்கு மூச்சு வாங்குது."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல," என்றேன்.

பாதி தூரத்தில் விழுந்தாள். எர்மெக் கேமராவைப் பனியில் எறிந்துவிட்டு ஓடினான். குபாத் அண்ணன் அந்த முழங்காலோடு ஓடினார். கணவர் உடனே ஓடினார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள். நான் முதலில் பொத்தானை அழுத்திக் கடைசிப் படங்களைப் பார்த்தேன். கட்டம் கண்ணிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டியிருந்தது. இருந்தது. அதன் பிறகுதான் ஓடினேன்.

நான் உள்ளே வந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "இதுல கேஸ் எதுவும் இல்ல தம்பி. மாரடைப்பு. துக்கத்துல எல்லாரும் இப்படித்தான். போய்த் தூங்கு." இந்தப் பதினோரு மாதமும் தூங்கிப் பார்த்தேன்.

இன்று ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். அடுத்த மாதம் அவள் இறந்து ஒரு வருடம். கல்லறைக் கல்லில் செதுக்க மாமியார் ஒரு படம் கேட்டார். இருப்பதில் மிகத் தெளிவானதைத் தேடினேன். மூன்றாவது ஓட்டத்தில் எடுத்தது. சுற்றியிருந்த பனியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் கொடுத்தேன்.

மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டு தடவினார். "எம்பொண்ணு உன்ன எவ்வளவு ஆசையா பாக்குறா பாரு, மாப்பிள்ள," என்றார். ஆமாம் என்றேன். கல் கொத்துபவர் இப்போது கறுப்புக் கல்லில் அந்த உதடுகளைக் கொத்திக்கொண்டிருக்கிறார்.

அது ஆசை இல்லை, ஐயா. 'போதுமா' என்று கேட்கிறாள்.

"அத நீ அப்பவே பாத்தியா, இல்ல அப்புறம் படத்துல பாத்தியா?" என்கிறீர்கள். சரியான கேள்வி. இதுவரை யாரும் கேட்கவில்லை. அப்போதே பார்த்தேன். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நோய் தெரியும், அவள் கேட்டது தெரியும், பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. விழுந்த பிறகும் கேமராவை உடனே விடவில்லை. என் மனைவியைக் கொன்றது நான்தான். பேனாவைக் கீழே வைக்காதீர்கள். எழுதுங்கள்.

குபாத் அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள். அவர் அந்தப் படங்களை இன்றுவரை திறக்கவில்லை. எர்மெக்குடைய படங்களில் அவள் விழுவதற்கு முன்பே மங்கிவிட்டாள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு முறை பார்த்துத் தீர்ப்பைச் சொல்லச் சொல்லுங்கள்.